போனஸ் பணத்தில் மூணு மானிட்டர் வாங்கலாமா?

அவிநாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 26 வயதுத் தம்பி ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு சொந்தக் காசில் கணினி அசெம்பிள் செய்திருக்கிறார். ரைசன் 5 5600 பிராசசர், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 24 அங்குலத்தில் 1920×1080 தெளிவும் 144 ஹெர்ட்ஸும் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) உள்ள மானிட்டர் ஒன்று. தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் நண்பர்களோடு வேலரண்ட் என்ற ஷூட்டிங் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அசெட்டோ கோர்சாவில் கார் ரேஸ், நடுநடுவே எல்டன் ரிங் என்ற சாகச ஆட்டம். ரேஸுக்காகவே ஒரு பழைய லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வாங்கி, நான்கு அடிக்கு இரண்டு அடி மேசையில் பூட்டியிருக்கிறார்.

பீளமேட்டில் இருக்கும் நண்பர் வீட்டில் மூன்று மானிட்டர் வைத்து ரேஸ் ஓட்டிப் பார்த்த நாளிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறதாம். தீபாவளி போனஸாக 40,000 ரூபாய் வந்திருக்கிறது. இருக்கிற மானிட்டரை விற்றுவிட்டு, 27 அங்குலத்தில் 2560×1440 தெளிவுள்ள மானிட்டர் மூன்று, ஏறத்தாழ 60,000 ரூபாய்க்கு வாங்குவது திட்டம். போதாத பணத்துக்கு நோ காஸ்ட் இ.எம்.ஐ. "மூணு மானிட்டர் இருந்தா ஷூட்டிங் கேம்லயும் பக்கவாட்டுல வர்றவனப் பாத்துடலாம்" என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அப்பா கரண்ட் பில்லையும் கண்ணையும் சொல்லி, "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்" என்று முடித்துவிட்டார். தை மாதம் அக்கா மகனுக்குக் காது குத்து, தாய்மாமன் சீர் இருக்கிறது என்பது அம்மாவின் கவலை. "நான் ஆசைப்படுறது தப்புங்களா? எனக்கு இது தேவைதானான்னு நீங்களே சொல்லுங்க" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, வணக்கங்க. ஆசைப்பட்டது தப்பே இல்லை. வாரம் ஆறு நாள் பையர் மெயிலுக்கும் தையல் யூனிட்டுக்கும் நடுவில் ஓடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தனக்குப் பிடித்ததைச் செய்ய நினைப்பது நியாயமான ஆசைதான். அதனால் அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுவோம். இந்த 60,000 ரூபாய் நீங்கள் எதிர்பார்க்கிற சுகத்தைத் தருமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. கோவையில் பதினெட்டு வருடமாகக் கணினி அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். மூன்று மானிட்டர் மாட்டிக் கொடுத்த வீடுகளுக்கு ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கிற திட்டம் உங்கள் கணினிக்கும் பொருந்தாது, நீங்கள் ஆடும் ஆட்டங்களுக்கும் பொருந்தாது. ஆனால் அதற்குள் நல்ல திட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

மூன்று ஆட்டத்தில் ஒன்றுதான் கேட்கிறது

முதலில் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். வேலரண்டில் பார்வைக் கோணம், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது, 103 பாகை என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். யார் எத்தனை மானிட்டர் வைத்திருந்தாலும் ஆட்டத்தில் தெரிகிற உலகம் ஒரே அளவுதான். படமும் 16:9 வடிவத்தில்தான் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) வரும், அகலமான மானிட்டரில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். எல்லாருக்கும் போட்டி சமமாக இருக்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் பக்கவாட்டில் வருகிறவனைக் கூடுதல் மானிட்டரில் பார்த்துவிடலாம் என்பது இந்த ஆட்டத்தில் நடக்காது.

எல்டன் ரிங்கும் 16:9தான், நொடிக்கு 60 படத்துக்கு மேல் போகாது. அதை ஆடும்போது பக்கத்து மானிட்டர் இரண்டும் சும்மா நிற்கும்.

பக்கவாட்டில் உண்மையிலேயே விரிகிற ஆட்டங்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றில் ஒரே கேமராவின் படத்தைத்தான் இழுத்துப் பரப்புகிறார்கள். அப்போது நடு மானிட்டரில் இருக்கும் ஆள் ஆளாகத் தெரிவார், ஓரத்தில் வருகிறவர் அகலமாக இழுபட்டுத் தெரிவார். ரப்பரில் அச்சடித்த படத்தை இரண்டு பக்கமும் இழுத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனிக் கேமரா வைத்து, மானிட்டர் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப வரைகிற ஆட்டங்கள் கொஞ்சம்தான். பெரும்பாலும் அவை சிமுலேட்டர் வகை. உங்கள் அசெட்டோ கோர்சா அதில் ஒன்று, ஐரேசிங் இன்னொன்று. யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இலும் பல மானிட்டர் வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு அந்த வசதி 2022-இல்தான் வந்தது.

ஆக, உங்கள் வாரக் கணக்கு இப்படி நிற்கிறது: மூன்று மானிட்டரும் சேர்ந்து வேலை செய்யப்போவது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நடுவில் இருக்கிற ஒன்றுதான். பல்லடத்தில் ஒரு தம்பிக்கு மூன்று மாட்டிக் கொடுத்தேன், அவரும் உங்களைப் போல ஷூட்டிங் ஆட்டக்காரர். நான்கு மாதம் கழித்துப் போனால் இரண்டு பக்கமும் வால்பேப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சியில் இன்னொருவர் ரேஸும் டிரக்கும் தவிர வேறெதையும் தொட மாட்டார். மூன்று வருடமாக அவர் மானிட்டர் மூன்றும் ஒருநாள்கூடச் சும்மா இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுகம் எங்கிருந்து வருகிறது

பீளமேட்டில் நீங்கள் உணர்ந்தது பொய்யில்லை. அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் செலவைப் பாதியாக்கலாம்.

24 அங்குல மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது உங்கள் பார்வையில் 48 பாகை அளவு இடத்தைத்தான் அடைக்கிறது. நிஜக் காரில் அந்த அளவு ஓட்டை வழியாக மட்டும் பார்த்து ஓட்டினால் எப்படி இருக்கும்? கண்ணாடி தெரியாது, பக்கத்தில் வருகிற வண்டி தெரியாது. அதனால் எல்லாரும் என்ன செய்கிறோம், செட்டிங்கில் பார்வைக் கோணத்தைக் கூட்டிவிடுகிறோம். அகலமான காட்சியை அதே 53 சென்டிமீட்டருக்குள் அமுக்குகிறோம். எல்லாம் தெரிகிறது, ஆனால் தூரம் பொய்யாகிவிடுகிறது. வளைவு இருக்கிற இடத்தைவிடத் தள்ளித் தெரியும், பிரேக் பிடிப்பது தாமதமாகும். "ஒரே வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாதிரி பிரேக் விழுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கை மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் இந்த செட்டிங்கைப் பாருங்கள்.

மூன்று மானிட்டரை 48 பாகைக் கோணத்தில் மடக்கி வைத்தால் 140 பாகைக்கு மேல் பார்வை அடைபடுகிறது. இப்போது எதையும் அமுக்க வேண்டியதில்லை. தூரம் தூரமாகவே தெரியும். ஓரக்கண்ணில் ரோட்டோரம் ஓடுவதால் வேகம் உடம்புக்குத் தெரியும். நம் கண்ணின் ஓரப்பார்வைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, அசைவை மட்டும் நன்றாகப் பிடிக்கும். நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் போனதிலிருந்து நம் கோவைப் பையன்களுக்கு ரேஸ் என்றால் தனிப் பாசம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்க்கப் போனால் ஓட்டுநர்களின் ஹெல்மெட்டைக் கவனியுங்கள். வண்டி நேராகப் போகும்போதே தலை வளைவின் உள்பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பார்வையைத்தான் பக்கவாட்டு மானிட்டர் தருகிறது.

இப்போது முக்கியமான இடம். இந்தச் சுகத்துக்குக் காரணம் மானிட்டரின் கோணமும் தூரமும். 27 அங்குலமோ 1440 தெளிவோ இல்லை. உங்கள் பீளமேட்டு நண்பர் வீட்டில் இருப்பது 24 அங்குல 1080 மானிட்டர்கள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனசை நிறுத்தியது அதுதானே? பிறகு எதற்கு அதைவிடப் பெரிய திட்டம்?

இன்றைக்கே காசில்லாமல் ஒன்று செய்யலாம். மானிட்டரை ஸ்டியரிங்குக்குப் பின்னால் எவ்வளவு கிட்டத்தில் வசதியோ அவ்வளவு கிட்டத்தில் கொண்டுவாருங்கள். 50 சென்டிமீட்டர் வரை பரவாயில்லை. கண்ணுக்கும் மானிட்டருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, அதற்குச் சரியான பார்வைக் கோணத்தை ஆட்டத்தில் போடுங்கள். முதல் இரண்டு நாள் குறுகலாக இருக்கிற மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் பிரேக் ஒரே இடத்தில் விழ ஆரம்பிக்கும். வெப்கேம் இருந்தால் ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளையும் முயன்று பாருங்கள். உங்கள் தலை திரும்புவதைப் பார்த்து ஆட்டத்தின் பார்வையைத் திருப்பும். மூன்று மானிட்டருக்கு ஈடில்லை, ஆனாலும் பக்கத்து வண்டியைப் பார்க்க உதவும்.

உங்கள் 3060 எவ்வளவு தாங்கும்

கார்டில் மானிட்டர் மாட்ட இடம் இருக்கிறது. 3060-இல் நான்கு மானிட்டர் வரை இணைக்கலாம். "போர்ட் இருக்கு, அப்புறம் என்ன" என்று எழுதியிருக்கிறீர்கள். போர்ட் இருப்பது படத்தைக் காட்டுவதற்கு. ஆட்டத்தை மூன்றிலும் வரைந்து தள்ளும் பலம் வேறு.

இப்போது உங்கள் கார்டு ஒவ்வொரு படத்துக்கும் 20.7 லட்சம் புள்ளிகளை வரைகிறது. 1080 மானிட்டர் மூன்று என்றால் 5760×1080, 62.2 லட்சம் புள்ளி. நீங்கள் திட்டமிட்ட 1440 மானிட்டர் மூன்று என்றால் 7680×1440, ஒரு கோடியே 10 லட்சம் புள்ளி. ஒரு 4கே டிவியின் புள்ளிகளே 83 லட்சம்தான். ஒரே 4கே படத்துக்கே மூச்சு வாங்குகிற கார்டு 3060. அதன் மேல் இவ்வளவு சுமையை ஏற்றினால் ரேஸ் தெளிவாக ஓடாது, விட்டுவிட்டு ஓடும். பிறகு புதுக் கார்டு, அதற்குப் பெரிய பவர் சப்ளை என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். என்னிடம் வந்த பலர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

1080 மானிட்டர் மூன்று? அசெட்டோ கோர்சா 2014-இல் வந்த ஆட்டம், லேசானது. நிழல், பிரதிபலிப்பு இவற்றைக் கொஞ்சம் குறைத்தால் 3060 தாங்கும் என்பது என் கணிப்பு. என் கணிப்பை நம்பிக் காசு போட வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 3டி செட்டிங் பகுதிக்குப் போய், டி.எஸ்.ஆர். என்பதில் (மானிட்டரைவிடப் பெரிய படத்தைக் கார்டை வரையவைக்கும் வசதி) 3.00 மடங்கைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஆட்டத்துக்குள் 3325×1871 என்ற அளவு புதிதாக வரும். அதன் புள்ளிக் கணக்கும் 62.2 லட்சம், மூன்று 1080 மானிட்டருக்கு அச்சு அசல் சமம். இருக்கிற ஒரே மானிட்டரில் அந்த அளவை வைத்து, இருபது கார்களோடு ஒரு ரேஸ் ஓட்டுங்கள். மூலையில் எஃப்.பி.எஸ். எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, பாருங்கள். நிஜ மூன்று மானிட்டரில் இதைவிடக் கொஞ்சம் குறையும், ஏனென்றால் பக்கவாட்டுக் காட்சியையும் பிராசசர் தயார்செய்ய வேண்டும். சோதனையில் 80-க்கு மேல் நிலையாக நின்றால் மேற்கொண்டு யோசிக்கலாம். 60-க்குக் கீழே விழுந்தால் இந்தக் கார்டோடு மூன்று மானிட்டர் வேண்டாம்.

இன்னொரு தவறான நினைப்பையும் சரிசெய்துவிடுகிறேன். "இல்லைன்னா காந்திபுரத்துல செகண்ட்ஸ்ல ரெண்டு வாங்கி இருக்கிறதோட சேத்துக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே அகலப் படமாகச் சேர்ப்பதற்கு என்விடியாவில் சரவுண்ட் என்ற வசதி இருக்கிறது. அது சரியாக வேலை செய்ய மூன்றும் ஒரே தெளிவும் ஒரே ஹெர்ட்ஸும் கொண்டதாக இருக்க வேண்டும். ஒன்று 144, மற்ற இரண்டும் 60 என்றால் மூன்றையும் 60-க்கு இறக்கித்தான் ஓட்ட வேண்டிவரும். பழைய ஆபீஸ் மானிட்டர்களில் வெள்ளை ஒன்றில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரியும். நீங்கள் துணியில் ஷேடு வேறுபாடு பார்த்து லாட்டையே தள்ளிவைக்கிறவர். உங்கள் கண்ணுக்கு அது தினமும் உறுத்தும். மூன்று என்று முடிவெடுத்தால் மூன்றும் ஒரே மாடலாக இருக்கட்டும்.

மேசையை மறந்துவிடாதீர்கள்

கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன விஷயம் இது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. ஜி29 உங்கள் மேசையிலேயே பூட்டியிருக்கிறது. வளைவில் அது கைக்கு உதறல் கொடுக்கும்போது மேசையும் உதறுகிறது, மேசை மேல் இருக்கும் மானிட்டரும் உதறுகிறது. ஒன்று இருக்கும்போது கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். மூன்றை ஒரே ஸ்டாண்டில் தொங்கவிட்டால் ரேஸில் வளைவோரத்து மேட்டு விளிம்பு (கெர்ப்) மேல் ஏறும் ஒவ்வொரு முறையும் மூன்றும் சேர்ந்து ஆடும். இடமும் பார்க்க வேண்டும். மூன்று 24 அங்குல மானிட்டரை மடக்கி வைத்தாலும் நான்கு அடிக்கு மேல் அகலம் வேண்டும், 27 என்றால் இன்னும் ஒரு கை. பக்கவாட்டு மானிட்டர் இரண்டும் ஒன்றேகால் அடிக்குமேல் முன்னால் வரும், உங்கள் முழங்கை இடிக்காமல் இருக்க வேண்டும்.

அதனால் ரேஸ்தான் உங்களுக்கு உயிர் என்றால், பணத்தை முதலில் போட வேண்டியது ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் தனி ஸ்டாண்டில். இந்த ஊரில் அதற்கு ஆன்லைனில் தேட வேண்டியதே இல்லை. திருப்பூரிலோ கோவையிலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் அளவு எழுதிக் கொடுத்தால் சதுரப் பைப்பில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கை நீட்டி ஸ்டியரிங் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், பெடல் பின்னால் நகராமல் இருக்க ஒரு தடுப்புப் பட்டை கேளுங்கள். உக்கடம் பழைய உதிரிபாகக் கடைகளில் கார் சீட்டும் கிடைக்கும், பிறகு அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பெடல் அசையாமல் நின்றாலே பிரேக் எவ்வளவு சீராகிறது என்று பாருங்கள். ஒரு சுற்றை முடிக்கும் நேரம் குறையக் கூடுதல் மானிட்டர் இரண்டும் செய்வதைவிட இது அதிகம் செய்யும் என்று தைரியமாகச் சொல்வேன்.

இரண்டாவது மானிட்டர் வேறு கதை

மூன்று வேண்டாம் என்கிறவன் இரண்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மானிட்டரில் ஒரு ஆட்டத்தைப் பரப்பக் கூடாது, குறி பார்க்கும் இடத்தில் இரண்டின் விளிம்பும் வந்து நிற்கும். ஆனால் ஆட்டம் ஒன்றில், நண்பர்களோடு பேசும் டிஸ்கார்ட், பாட்டு, எல்டன் ரிங் வரைபடம் எல்லாம் இன்னொன்றில் என்று வைத்தால் அது தினமும் பயன்படும். ராத்திரி வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் பையர் மெயில் ஒரு பக்கம், எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று காட்டும் டைம் அண்ட் ஆக்‌ஷன் சார்ட் மறுபக்கம். ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கும் வேலை இருக்காது. இதற்கு 100 ஹெர்ட்ஸில் சாதாரண 24 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டர் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) போதும், ஏறத்தாழ 8,000 ரூபாய்க்குள் வரும். இரண்டாவது மானிட்டரில் ஏதோ ஒன்று சும்மா திறந்திருந்தால் ஆட்டத்தின் வேகம் குறைவது கண்ணுக்கே தெரியாது. வெவ்வேறு ஹெர்ட்ஸ் மானிட்டர்களைச் சேர்த்தால் முன்பு திக்கும், விண்டோஸ் 10-க்கு 2020 மே மாதம் வந்த அப்டேட்டிலிருந்து அது பெரும்பாலும் சரியாகிவிட்டது.

34 அங்குல அல்ட்ராவைடு, அதாவது மிக அகலமான ஒற்றை மானிட்டர் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ரேஸுக்கும் எக்செல்லுக்கும் அருமை, 49.5 லட்சம் புள்ளி என்பதால் 3060-உம் ஓரளவு சமாளிக்கும். 2025 செப்டம்பர் 22-இலிருந்து 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கும் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. ஆனால் நீங்கள் தினமும் ஆடும் வேலரண்டில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைதான். இருக்கிற மானிட்டரையே அதற்கு வைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அப்பாவிடம் சொல்ல

கரண்ட் விஷயத்தில் அப்பாவின் பயம் மானிட்டருக்குப் பொருந்தாது. 24 அங்குல எல்.இ.டி. மானிட்டர் ஏறத்தாழ 25 வாட்தான். கூடுதலாக இரண்டு, தினம் நான்கு மணி நேரம் என்றாலும் இரண்டு மாத பில்லில் 12 யூனிட். அதிகம் இழுப்பது கணினிதான். முழு வேகத்தில் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 170 வாட் எடுக்கும். உங்கள் வீட்டு ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி வருகிறதா என்று மட்டும் பாருங்கள், அதைத் தாண்டினால் முதல் ஸ்லாப்களின் கட்டணமும் சேர்ந்து மாறும். ஆட்டத்தில் எஃப்.பி.எஸ். உச்ச அளவை 144-இல் பூட்டிவைத்தால் கார்டு வீணாக உழைக்காது. அப்புறம், உங்கள் 600 விஏ யு.பி.எஸ்ஸில் கணினியும் நடு மானிட்டரும் மட்டும் இருக்கட்டும். பக்கத்து மானிட்டரையும் அதில் சொருகினால் கரண்ட் போகும் நேரத்தில் சுமை தாங்காமல் எல்லாமே அணைந்துவிடலாம்.

கண்ணைப் பற்றி அப்பா சொன்னதை மட்டும் தள்ளிவிடாதீர்கள். மானிட்டர் எண்ணிக்கையால் பவர் ஏறாது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குத் தலைவலி வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கடைசியாகக் கண்ணைப் பரிசோதித்தது கல்லூரிக் காலத்தில் என்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. மானிட்டர் வாங்குவதற்கு முன்னால் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதைக் கட்டாயமாகவே கேட்கிறேன். உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் காய்ந்துபோகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருபது நொடி பாருங்கள். மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும், அதிகம் பார்ப்பது நேர் எதிரே இருக்கட்டும். இரண்டாவதை ஓரமாக வைத்து அதிலேயே மணிக்கணக்கில் வேலை பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அம்மாவிடம் சொல்ல

காது குத்தில் குழந்தை உட்காரப்போவது உங்கள் மடியில். நம் பக்கம் மாமன் சீர் என்பது அக்காவுக்கு அவள் பிறந்த வீடு கூடவே நிற்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்வது. அதற்கு எவ்வளவு ஆகும் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. முதலில் அம்மாவோடு உட்கார்ந்து அந்தத் தொகையை எழுதுங்கள். தட்டு வரிசை, துணி, பையனுக்குக் கடுக்கன், என்னென்ன என்று. அதை போனஸிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மீதிதான் கணினிக்கு. தை தாண்டியும் மானிட்டர் கடையில் இருக்கும், விலை இறங்கினாலும் இறங்கும்.

இ.எம்.ஐ. வேண்டாம். நோ காஸ்ட் என்கிறார்களே தவிர, பல இடங்களில் வட்டியைத் தள்ளுபடி போலக் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் பிராசசிங் கட்டணத்தையும் கார்டு வங்கி உங்களிடமே வாங்கும். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும்.

வாங்கும்போது

கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஓடவிட்டு, முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு வைத்துப் பாருங்கள். செத்த புள்ளி இருந்தால் மாற்றிக் கொடுப்பார்களா, எத்தனை புள்ளிக்கு என்று வாங்கும் முன்பே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். பிரச்சினை வந்து கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

ஆக, என் இடத்திலிருந்து பார்த்தால் வரிசை இப்படி: கண் பரிசோதனை, மாமன் சீர், ஸ்டியரிங் ஸ்டாண்ட், இரண்டாவது மானிட்டர். சீருக்கு எடுத்துவைத்தது போக போனஸில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதற்குள் முடிகிற வரை செய்யுங்கள், கடன் வேண்டாம். மூன்றாவதைப் பற்றி அடுத்த தீபாவளிக்குப் பேசுவோம். அதற்குள் உங்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஐந்தாகியிருக்கலாம், ஒன்றாகவும் ஆகியிருக்கலாம்.

அதுவரைக்கும் ஒரு வேலை. உங்கள் கம்பெனியில் பழைய கார்ட்டன் பெட்டிகள் கிடக்கும். 53 சென்டிமீட்டர் அகலம், 30 உயரத்தில் இரண்டு அட்டை வெட்டி, இப்போதுள்ள மானிட்டருக்கு இரண்டு பக்கமும் 48 பாகையில் மடக்கி நிறுத்தி, ஒரு வாரம் அப்படியே உட்கார்ந்து ஆடுங்கள். கை இடிக்கிறதா, ஜன்னல் மறைகிறதா, அம்மா பெருக்க வரும்போது இடம் இருக்கிறதா என்று பார்த்து, மேசை அளவையும் டி.எஸ்.ஆர். சோதனையில் வந்த எஃப்.பி.எஸ். எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.